விற்பனைக்கு முன் ஓர் ஆலோசனை: முகத்தகடு பொருத்திய 1918 ஆம் ஆண்டு அமெரிக்கப் பரிசோதனைத் தலைக்கவசமா இது?

சங்கரத்தையான்:

அனைவருக்கும் வணக்கம். அம்மப்பாவின் றங்குப்பெட்டியில் இருந்த உருக்குத் தலைக்கவசம் ஒன்றை விற்பதற்கு எண்ணியுள்ளேன். படத்தைப் பார்த்த கொழும்பு வியாபாரி ஒருவர் 75,000 ரூபா தருவதாகவும் இந்த வார இறுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறார். அவர் இவ்வளவு அவசரப்படுவதே எனக்கு ஐயத்தை உண்டாக்கியதால், விற்பதற்கு முன்னர் இது என்ன பொருள் என்பதை இங்குள்ள சேகரிப்பாளர்களிடம் கேட்டறிய விரும்புகிறேன்.

அம்மப்பா வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த ஆசிரியர் முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர் என்றும், பிரான்சின் பதுங்குகுழிகளில் அவர் அணிந்திருந்த கவசம் இதுதான் என்றும், 1930களில் நாடு திரும்பியபோது சில புத்தகங்களுடன் இதையும் அம்மப்பாவிடம் கொடுத்துச் சென்றார் என்றும் எங்கள் வீட்டில் சொல்லப்பட்டு வருகிறது. 1987 இல் இந்திய இராணுவம் வீடு வீடாகச் சோதனையிட்டபோது, இப்படியொரு பொருள் அகப்பட்டால் என்ன நேருமோ என்று அஞ்சிய அம்மா, அதைச் சாக்கில் சுற்றிக் கோடிப்புறத்தில் புதைத்துவிட்டார். போர் முடிந்த பிறகே வெளியே எடுத்தோம்.

கவசம் ஆழமானது, காதுகளையும் பிடரியையும் மறைக்கும். இரு பக்கமும் அச்சாணி வைத்து, மேலே தூக்கவும் கீழே இறக்கவும் கூடிய உருக்குத் தகடு ஒன்று முகப்பில் உள்ளது. தகட்டை இறக்கினால் கண்களுக்கு நேரே ஒடுங்கிய பிளவு ஒன்று மட்டும் இருக்கும். இடது அச்சாணி துருப்பிடித்து இறுகியுள்ளது. உள்ளே இருந்த பஞ்சணை இல்லை; ஆணித்துளைகள் மட்டும் தெரிகின்றன. முத்திரை எதையும் நான் காணவில்லை. பச்சையும் மண்ணிறமும் கலந்த பூச்சு பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது.

நெறியாளர்:

தலைக்கவசம் ஆயுதமன்று என்பதால் இந்த இழை தொடரலாம். துப்பாக்கி உறுப்புகள், வெற்றுத் தோட்டாக்கள், எறிகணை ஓடுகள் ஆகியவற்றை இங்கு விற்கவோ படம் இடவோ அனுமதி இல்லை. இந்த இழையைப் பார்த்து எவரும் வளவுகளைக் கிண்டப் புறப்பட வேண்டாம். கலோ அமைப்பு 2002 முதல் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் கண்ணிவெடி அகற்றி வருகிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். உரிமையாளரின் முகவரி, தொலைபேசி இலக்கம் எதையும் இங்கு கேட்க வேண்டாம்.

பழைய இரும்பு:

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதிக்குள் எவருக்கும் கொடுத்துவிட வேண்டாம். நூறாண்டு பொறுத்த இரும்பு இன்னும் இரண்டு மாதம் பொறுக்கும்.

நீங்கள் விவரிப்பது அமெரிக்கப் பரிசோதனைத் தொடரில் எட்டாம் மாதிரி எனப்படுவதற்கு மிக நெருங்கியிருக்கிறது. அதன் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் உங்கள் வீட்டுக் கதையில் எது நிற்கும், எது நிற்காது என்பது விளங்கும். 1917 ஏப்ரிலில் அமெரிக்கா போரில் இறங்கியபோது அதனிடம் சொந்தத் தலைக்கவசம் இருக்கவில்லை. 1915 இல் யோன் லியோபோல்ட் புறோடி காப்புரிமை பெற்ற பிரித்தானியக் கவசத்தையே அது பின்பற்றியது. ஏறத்தாழ 400,000 கவசங்களைப் பிரித்தானியாவிடம் வாங்கி, பின்னர் அதே வடிவத்தில் 1917 மாதிரி என்ற பெயரில் தானே இருபத்தைந்து இலட்சத்துக்கு மேல் செய்தது. அகன்ற விளிம்பு கொண்ட அந்தக் கவசம் மேலிருந்து சிதறி விழும் உலோகத் துண்டுகளைத் தடுக்கும்; பக்கங்களையும் பிடரியையும் காக்காது.

அந்தக் குறையைப் போக்கும் பொறுப்பு பாஷ்போர்ட் டீன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் கலைக்கூடத்தில் பழங்கால ஆயுதங்களுக்கும் கவசங்களுக்கும் பொறுப்பாளர். படித்ததோ விலங்கியல், அதிலும் மீன்களைப் பற்றி. போர்க்காலத்தில் இராணுவத்தின் படைக்கலப் பிரிவில் மேஜர் பதவி பெற்று, அருங்காட்சியகத்தின் கவசப் பட்டறையையே பரிசோதனைக் கூடமாக மாற்றினார். ஐரோப்பிய இடைக்காலக் கவசங்களின் வடிவங்களை எடுத்து 1918 இன் உருக்கில் செய்து பார்ப்பதே அவருடைய வழி. இலக்கமிட்ட பல மாதிரிகள் இப்படிப் பிறந்தன. இரண்டாம், ஐந்தாம் மாதிரிகள் காதுகளை நன்றாக மறைத்தன. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஜெர்மானியச் சிப்பாய் போலத் தோன்றும் என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டன. எட்டாம் மாதிரிக்குத்தான் தூக்கி இறக்கும் முகத்தகடு இருந்தது. டெட்ரோயிட்டில் போர்ட் மோட்டார் நிறுவனம் ஏறத்தாழ 1,300 கவசங்களைச் செய்து முடித்த வேளையில் நவம்பர் 11 வந்து, போர் நின்றுவிட்டது.

இங்குதான் உங்கள் கதையோடு சிக்கல் தோன்றுகிறது. இது உண்மையில் எட்டாம் மாதிரியானால், பிரான்சின் பதுங்குகுழியில் எவரும் இதை அணிந்திருக்க முடியாது. அணிந்தது உண்மையானால் இது எட்டாம் மாதிரியன்று. இரண்டையும் சேர்த்து விளம்பரத்தில் எழுதினால், விடயம் தெரிந்த வாங்குநர் முதல் வரியிலேயே விலகிவிடுவார்.

சங்கரத்தையான்:

மிக்க நன்றி ஐயா. நேற்றிரவு ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன். முகத்தகட்டில் மெதுவாக ஒட்டுகிறது; கவசத்தின் உடலில் அநேகமாக ஒட்டவில்லை; ஆணிகளில் இறுகப் பிடிக்கிறது. இதற்கு என்ன பொருள்?

நாணயக்காரன்:

ஒரே கவசத்தின் இரு பகுதிகள் இரு வேறு இரும்பு என்றால், யாரோ எங்கோ கிடைத்த தகட்டைப் பழைய கவசத்தில் பூட்டியிருக்கிறார்கள் என்பதே பொருள். சுன்னாகத்திலும் கொக்குவிலிலும் இதைவிடக் கடினமான வேலை செய்யும் பட்டறைகள் அந்தக் காலத்திலேயே இருந்தன. 75,000 ரூபாவைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

பட்டறைப் பொறியியலாளர்:

அவ்வளவு விரைவாகத் தீர்ப்பு எழுத இயலாது. புறோடி கவசத்தின் சிறப்பே அதன் உருக்கில் இருந்தது. ஷெபீல்ட்டைச் சேர்ந்த றொபர்ட் ஹட்பீல்ட் 1882 இல் கண்டறிந்த மங்கனீசு உருக்கு அது. பன்னிரண்டு சதவீத அளவில் மங்கனீசு கலந்திருக்கும். அந்த உருக்கில் காந்தம் ஒட்டாது. அடி விழ விழ இறுகும். ஆகவே 1917 மாதிரி எனச் சொல்லி விற்கப்படும் கவசத்தில் காந்தம் இறுகப் பிடித்தால் அது போலி என்று ஐயுறுவது நியாயம். ஆனால் அந்தச் சோதனையை அப்படியே இங்கு கொண்டுவருவது பொருந்தாது. ஏனெனில் டீன் குழுவினர் வடிவத்தை மட்டுமன்றி உலோகக் கலவைகளையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். முகத்தகடும் உடலும் ஒரே உருக்கில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை பரிசோதனைப் பொருளுக்கு இல்லை. காந்தம் ஒட்டுவதை வைத்து இது அசலென்றும் சொல்ல முடியாது, போலியென்றும் சொல்ல முடியாது.

இன்னொரு விடயமும் உண்டு. மங்கனீசு உருக்கை ஆழமாக அழுத்தி எடுப்பது மிகக் கடினம், மூலைகளில் கிழியும். புறோடி கவசம் ஆழமற்ற தட்டுப் போல அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1941 இல் அமெரிக்காவின் எம்-1 கவசம் வந்தபோதுதான் ஆழமான கிண்ணத்தை அதே வகை உருக்கில் பெருந்தொகையாக அழுத்தி எடுத்தார்கள். உங்கள் கவசத்தின் உட்புறத்தில், வளைவு இறுகும் இடங்களில் உருக்கு மெலிந்திருக்கிறதா, மயிரிழை போன்ற வெடிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளூர்ப் பட்டறையில் சுத்தியலால் தட்டி எடுத்திருந்தால் உட்புறத்தில் சுத்தியல் தடம் தெரியும். பெரிய அழுத்தப்பொறியில் எடுத்திருந்தால், இழுபட்ட மெல்லிய கோடுகள் உச்சியிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும்.

கஸ்தூரியார் வீதியில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் ஊடுகதிர்ப் பொறி வைத்திருக்கும் நகைக்கடைகள் உண்டு. தெரிந்த கடையானால் கேட்டுப் பார்க்கலாம். தங்கத்துக்கென அளவமைத்த பொறி தரும் விகிதங்களை நம்ப வேண்டியதில்லை. மங்கனீசு கணிசமாக இருக்கிறதா என்பது தெரிந்தாலே போதும்.

ஸ்காபரோ வாசகர்:

கனடாவில் இருந்துகொண்டு இவ்வகைக் கவசங்களின் விற்பனையைப் பல காலமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பரிசோதனை மாதிரி என்று சந்தைக்கு வருபவற்றில் சில, உண்மையில் சுவிட்சர்லாந்தின் 1918 மாதிரிக் கவசங்கள். தோற்றத்தில் ஐந்தாம் மாதிரிக்கு நெருங்கிய உறவு போல இருக்கும். அதில் ஒரு தகட்டைப் பூட்டினால் எட்டாம் மாதிரி ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். முகத்தகடு என்பது அந்தப் போரில் பலருடைய கனவு. கண்ணில் காயம்பட்டு வந்தவர்களைக் கண்டு மனம் நொந்த பிரித்தானியக் கண் மருத்துவர் குரூஸ், புறோடி கவசத்தின் விளிம்பில் இரும்பு வளையங்களாலான வலையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய யோன் துனான், பிற்காலத்தில் அரக்குவேலைக் கலைஞராகப் புகழ்பெற்றவர், பல கீற்றுகள் கொண்ட முகத்தகட்டுடன் ஒரு கவசத்தை வடிவமைத்தார். இவை எவையும் படைகளில் பரவவில்லை.

உங்கள் கவசத்தில் பிளவு ஒன்றே ஒன்று என்றால் துனான் கவசம் இல்லை என்பது உறுதி. அச்சாணியைச் சுற்றியுள்ள பூச்சை நன்றாகப் படம் எடுங்கள். பூச்சு ஆணித்தலையின் மேலும் ஒரே தொடர்ச்சியாக ஓடினால், பூட்டிய பிறகு பூசப்பட்டது என்று பொருள். ஆணியைச் சுற்றிப் பூச்சு நசுங்கியிருந்தால், பூசிய கவசத்தில் பிற்காலத்தில் துளையிட்டிருக்கிறார்கள். துருவுக்குக் கீழே எஞ்சியிருக்கும் பூச்சே உங்களுக்குச் சாட்சி. ஆகையால் எக்காரணம் கொண்டும் சாண்ட் பேப்பர் போடாதீர்கள், மண்ணெண்ணெயில் ஊற வைக்காதீர்கள், தேசிக்காய்ச் சாறு பூசாதீர்கள். இறுகிய அச்சாணியைத் திருக முயலவும் வேண்டாம். உலர்ந்த தூரிகையால் மண்ணைத் தட்டிவிட்டு, ஈரம் படாத இடத்தில் துணியில் சுற்றி வையுங்கள்.

நாணயக்காரன்:

எல்லோரும் உருக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கேட்பது எளிய கேள்வி. முத்திரை இல்லை, பஞ்சணை இல்லை, கடிதம் இல்லை, படம் இல்லை. பிரான்சில் அணிந்தார் என்ற ஒரே கதையும் பொய்யென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எஞ்சியிருப்பது ஓர் அம்மாவின் வாய்மொழி. வெளிநாட்டு ஏலக்காரன் வாய்மொழிக்குப் பணம் தருவானா?

மானிப்பாய் ஆசிரியை:

வாய்மொழிக்குத் தரமாட்டான் என்பது சரி. ஆனால் வாய்மொழியைப் பிடித்துக்கொண்டு கடதாசியைத் தேடலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. குடாநாட்டில் அமெரிக்க மிசனின் பணி 1816 இல் தொடங்கியது. அதன் தாய்ச் சங்கமான அமெரிக்கன் போர்ட், தன் ஊழியர்களின் கடிதங்களையும் அறிக்கைகளையும் பாதுகாத்தது; அந்தத் தொகுதி இன்று ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் இருக்கிறது. ஆசிரியரின் பெயரும் அவர் இங்கிருந்த ஆண்டுகளும் தெரிந்தால், அவர் மிசனில் சேர்வதற்கு முன்னர் என்ன செய்தார் என்பதை அங்கு கேட்டு எழுதலாம். பெயரை இங்கு இட வேண்டாம். குடும்பத்தினர் நேரடியாக எழுதட்டும்.

அமெரிக்க இராணுவப் பதிவேட்டை மட்டும் நம்பியிருக்காதீர்கள். சென் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 இல் ஏற்பட்ட தீயில், 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் இராணுவத்திலிருந்து விலகியவர்களின் கோவைகளில் ஏறத்தாழ எண்பது சதவீதம் அழிந்துபோயின. நூலகம் எரிந்த ஊரில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் 1917, 1918 ஆம் ஆண்டுகளின் படைச்சேர்ப்புப் பதிவு அட்டைகள் தனித் தொகுதியாக இருந்ததால் தப்பின. அந்த அட்டையில் தொழிலும் வேலை கொடுத்தவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். பழைய இரும்பு ஐயா சொன்னபடி இது போர்முனைக்கே போகாத பொருளென்றால், நாம் தேட வேண்டியது பிரான்சில் போரிட்டவரையன்று; டெட்ரோயிட்டிலோ படைக்கலப் பிரிவிலோ வேலை செய்தவரை.

இன்னொன்று. அம்மா உயிரோடு இருக்கிறார் அல்லவா? அவர் நேரில் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து, ஒரு சத்தியக்கடதாசியாக எழுதிச் சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிடச் செய்யுங்கள். புதைத்ததும் எடுத்ததும் அவர் நேரில் செய்தவை. அதற்கு மதிப்பு உண்டு.

சங்கரத்தையான்:

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நினைவு தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆசிரியரை அவர் கண்டதில்லை. அம்மாவின் தமக்கை, எனக்குப் பெரியம்மா, சிறு குழந்தையாக இருந்தபோது ஆசிரியரின் மடியில் இருந்தவர் என்று சொல்லுவார்கள். நேற்று அவரிடம் போனேன். ஆசிரியர் பிள்ளைகளுக்குத் தச்சுவேலையும் இயந்திரவேலையும் பழக்கினார் என்றும், இங்கு வருவதற்கு முன்னர் "கார் செய்கிற கொம்பனியில்" இருந்தார் என்று தம் தகப்பனார் சொல்லிக் கேட்டதாகவும் சொன்னார்.

நாணயக்காரன்:

கொம்பனியின் பெயரையும் பெரியம்மா சொல்லியிருப்பாரே! தம்பி, கோபிக்க வேண்டாம். நீங்கள் அவரிடம் என்ன கேட்டீர்கள்? "அவர் கார் கொம்பனியில் இருந்தவரோ" என்று கேட்டிருந்தால், தொண்ணூறு வயதில் எவரும் ஓமென்றுதான் சொல்லுவார்.

சங்கரத்தையான்:

இந்த இழையைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. இங்கு வருவதற்கு முதல் அந்த ஐயா என்ன வேலை பார்த்தவர் என்று மட்டும் கேட்டேன். ஆனால் இரண்டு நாட்களுக்கு முன்னர் அம்மா அவரோடு தொலைபேசியில் கதைத்தார். அம்மாவிடம் போர்ட் மோட்டார் நிறுவனம் பற்றி நான் சொல்லியிருந்தேன்.

பழைய இரும்பு:

அப்படியானால் நாணயக்காரனின் கேள்வி நியாயமானது. பெரியம்மாவின் கூற்றைத் தேடலுக்கு வழிகாட்டியாகப் பயன்படுத்துங்கள். விளம்பரத்தில் சான்றாக எழுத வேண்டாம். படைச்சேர்ப்பு அட்டையில் அதே செய்தி இருந்தால் அப்போது இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

நாணயக்காரனுக்கும் ஒரு வார்த்தை. பிரான்சில் அணிந்தார் என்ற பகுதி விழுந்துவிட்டதால் கதை முழுவதும் விழுந்துவிட்டது என்பது எனக்கு உடன்பாடன்று. அடிபட்ட தடமோ துளையோ இல்லாமல் இந்தக் கவசம் இருப்பது, போர்முனைக்குப் போகாத பொருளுக்கு ஏற்றதே. போருக்குப் போய் வந்தவர் என்று ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவரிடம் இருந்த கவசம் அவர் தலையில் இருந்தது என்று அடுத்த தலைமுறை தானாகவே சேர்த்துவிடும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. வட்டுக்கோட்டையில் ஒரு போலியைச் செய்து இத்தனை ஆண்டுகள் விற்காமல் வைத்திருக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. மிசன் பங்களாவிலிருந்து வந்தது என்பதை நிலைநாட்ட முடிந்தால், முத்திரை இல்லாத குறை பெருமளவு ஈடாகும். கொழும்பு வியாபாரியின் கைக்குப் போன அன்றே அந்தத் தொடர் அறுந்துவிடும். பிறகு அது எங்கிருந்து வந்ததென்று அவராலும் நிறுவ முடியாது.

ஸ்காபரோ வாசகர்:

வெளிநாட்டில் விற்பதென்றால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பண்பாட்டுச் சொத்துக்களை இலங்கையிலிருந்து வெளியே அனுப்புவதை 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் செய்த கவசத்துக்கு அது பொருந்துமா என்று நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. தொல்பொருளியல் திணைக்களத்துக்கு எழுதி, எழுத்தில் பதில் பெறுங்கள். பயணப் பெட்டிக்குள் வைத்து யாரிடமாவது கொடுத்தனுப்பும் யோசனை வேண்டவே வேண்டாம். இராணுவத் தலைக்கவசம் ஒன்றை இலங்கை விமான நிலையத்தில் ஒரு தமிழர் பெட்டியிலிருந்து எடுக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

மானிப்பாய் ஆசிரியை:

உரிமையையும் தெளிவாக்குங்கள். பெரியம்மாவும் மற்றச் சகோதரர்களின் பிள்ளைகளும் விற்பனைக்கு உடன்படுவதாக ஒரு கடிதம் இருக்கட்டும். முதுசமா, நன்கொடையா என்று தேசவழமைச் சட்டத்தை விரித்து நொத்தாரிசிடம் வாதிடத் தொடங்கினால், கவசத்தின் விலை கட்டணத்துக்கே போதாது. இன்னொரு கோணத்தையும் சொல்லிவிடுகிறேன். மிசனின் பொருளா, ஆசிரியரின் தனிப்பட்ட பொருளா என்று நாளை எவரும் கேட்கலாம். புத்தகங்களும் சேர்த்துத்தான் கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் புத்தகங்களில் ஏதாவது எஞ்சியுள்ளதா? முதற் பக்கத்தில் அன்பளிப்பென்று எழுதியிருந்தால் அதைப் போல ஒரு சான்று கிடைக்காது.

சங்கரத்தையான்:

1995 இடப்பெயர்வில் பெட்டியை விட்டுவிட்டுத்தான் போனோம். திரும்பி வந்தபோது பெட்டி இருந்தது. புத்தகங்களில் பெரும்பாலானவை கறையான் அரித்துவிட்டன. ஒரு வேதாகமமும் இயந்திரவியல் நூல் ஒன்றும் அட்டையில்லாமல் தம்பி வீட்டில் இருப்பதாக அம்மா சொல்கிறார். தம்பி கிளிநொச்சியில் இருக்கிறான். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

வியாபாரி இன்று காலை மீண்டும் அழைத்தார். தொகையை 120,000 ஆக உயர்த்தியிருக்கிறார். ஆனால் எழுத்தில் எதுவும் வேண்டாமாம், பற்றுச்சீட்டும் வேண்டாமாம். கூரை ஓடு மாற்றுவதற்குப் பணம் தேவைப்படுகிறது என்பதை மறைக்கவில்லை. இருந்தாலும் இப்போதைக்கு விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாணயக்காரன்:

இரண்டே நாட்களில் 45,000 ரூபா ஏற்றியிருக்கிறாரென்றால், அவரிடம் ஏதோ ஒரு படமோ பழைய விலைப்பட்டியலோ இருக்கிறது. இது அசலென்று நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் பற்றுச்சீட்டு வேண்டாம் என்பவரிடம் நானும் விற்கமாட்டேன்.

பட்டறைப் பொறியியலாளர்:

உரிமையாளர் சம்மதித்தால் சனிக்கிழமை வேணியர் இடுக்கியும் வலுவான விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கொண்டு நேரில் வருகிறேன். 1917 மாதிரியின் தகடு ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர் தடிப்பு. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு உடலின் விளிம்பையும் முகத்தகட்டையும் தனித்தனியே அளக்கலாம். விளிம்பின் அடிப்பகுதியில் துருவுக்குக் கீழே அடித்த எழுத்து ஏதாவது இருக்கிறதா என்பதைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். துருவைச் சுரண்டத் தேவையில்லை. அளவுகளையும் படங்களையும் அன்றிரவே இங்கு இடுகிறேன். நாணயக்காரனும் வந்தால் நல்லது. ஐயப்படுபவர் ஒருவர் அருகில் நின்றால்தான் அளவுகளை மற்றவர்கள் நம்புவார்கள்.

நாணயக்காரன்:

வருகிறேன். காந்தம் நான் கொண்டு வருகிறேன். ஒலிபெருக்கிக் காந்தம் போதாது.